கண்டியில் தங்குவதென்றால்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்துச் சகோதரிகளுக்குக் 'கண்டி வீதி' என்ற பெயர் பிறந்த நாள் முதல் பழக்கம். அரசாங்கம் ஏ-9 என்று சொல்லும் பாதைதான் அது. 320 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்தப் பாதை பலருக்கு இடம்பெயர்ந்து நடந்த பாதை, சோதனைச் சாவடியில் மூட்டை பிரித்த பாதை, 2002 இல் திறந்து 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடிய பாதை. ஆனால் அந்த வீதியின் மறுமுனையில் இருக்கும் கண்டியை நேரில் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? போக வேண்டிய தேவை திடீரென்று வரும். ஒரு சத்திரசிகிச்சை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்குக் கிடைத்த அனுமதி, ஒரு பத்திர வேலை. அப்போது முதலில் எழும் கேள்வி, இரவில் எங்கே தங்குவது என்பதுதான்.

எங்கள் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கண்டி இன்னும் கொஞ்சம் கிட்ட. சின்ன வருத்தமென்றால் தெரணியகலை ஆஸ்பத்திரி, அதற்கு மேலென்றால் கரவனெல்லை அல்லது அவிசாவளை, அதற்கும் மேலென்றால் கொழும்பு அல்லது கண்டி. தெகியோவிட்டைக்கு இறங்கி, கரவனெல்லை, புளத்கொகுபிட்டிய வழியாகக் கேகாலைக்குப் போய், அங்கிருந்து மாவனல்லை, கடுகண்ணாவை ஏறினால் கண்டி. கேகாலையிலிருந்து கண்டி நாற்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் பார்த்தால் ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் கிளினிக் நம்பர் காலையிலேயே கொடுத்து முடிந்துவிடும். தோட்டத்துக்கு வரும் முதல் பஸ் அந்த நேரத்துக்குக் கண்டிக்குப் போய்ச் சேராது. ஆகவே முதல் நாள் போய்த் தங்கத்தான் வேண்டும்.

தங்கும் இடம் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். சமதரை ஊரில் இது பெரிய விடயம் இல்லை. வவுனியாவில் கடைத்தெருவில் தங்கினாலும் அரைக்கட்டை தள்ளித் தங்கினாலும் கால் ஒன்றுதான். கண்டி அப்படியல்ல. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் குன்றுகள் எழும்பி நிற்க, நடுவில் ஒரு சட்டியின் அடிப்பாகம் போல இருக்கிறது நகரம். அடியில் வாவி, தலதா மாளிகை, கடைத்தெருக்கள், ரயில் நிலையம், பஸ் நிலையம், பெரிய வைத்தியசாலை. விளிம்பெல்லாம் வீடுகளும் விடுதிகளும். வரைபடத்தில் அரைக் கிலோமீற்றர் என்று காட்டும் இடம், நடந்து பார்த்தால் எழுபது எண்பது படியாக இருக்கும்.

மன்னர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே ஏறுவதற்குக் கடினம் என்பதற்காகத்தான். சுற்றிலும் மலை, மூன்று பக்கமும் வளைந்து ஓடும் மகாவலி, உள்ளே வர ஒற்றையடிக் கணவாய்கள். 1638 இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயர் தோற்றார்கள், 1803 இல் ஆங்கிலேயரின் படை அழிந்தது. எங்கள் சீதாவக்கை ஆற்றின் பெயரையே தன் இராச்சியத்தின் பெயராகக் கொண்ட முதலாம் இராஜசிங்கன், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டியைப் பிடித்தான். ஆனால் அவனாலும் அதை நிரந்தரமாக வைத்திருக்க முடியவில்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி வந்தவன். வாவியை வெட்டுவித்தவனும் அவனே. அதற்கு முன் அது வயல். 1815 இல் பிரதானிகள் ஆங்கிலேயரோடு செய்த ஒப்பந்தத்தில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மன்னனை வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே இறந்தான்.

இந்தச் சரித்திரத்தில் பெண்ணொருத்தியின் கதையும் உண்டு. சப்பிரகமுவையின் திசாவையாக இருந்தவர் எகலபொல. திசாவைமாரை வெளியே அனுப்பும்போது அவர்களின் மனைவி மக்களைத் தலைநகரிலேயே இருத்திவைப்பது வழக்கம், பிணை போல. எகலபொல 1814 இல் மன்னனுக்கு எதிராகத் திரும்பினார். அவர் எங்கள் பக்கம் இருந்தார், குடும்பம் கண்டியில் இருந்தது. பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள், தாய் போகம்பரை வாவியில் மூழ்கடிக்கப்பட்டாள். எகலபொல வளவு இன்றும் நகருக்குள் நிற்கிறது. போகம்பரை என்ற பெயரில் இன்று விளையாட்டு மைதானம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு எங்கே தங்குவது என்று முடிவு செய்யும் உரிமை இருக்கவில்லை. உங்களில் முகாமில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பாட்டன் பூட்டனுக்கும் கண்டி என்பது ஊர் அல்ல, ஒரு திசை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'கண்டிச் சீமை' என்றால் இலங்கை மலைநாடு முழுவதும்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். தம்புள்ளையிலிருந்து கண்டி வரையில் நீங்கள் இன்று பஸ்ஸில் வரும் ஏ-9, அவர்கள் நடந்த வழியை ஒட்டியதுதான். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வழியே திரும்பிப் போக வேண்டியவர்களும் கடவுச்சீட்டுக்கும் கடிதத்துக்கும் கண்டிக்குத்தான் அலைந்தார்கள். போனவர்களை அங்கே 'கண்டிக்காரர்' என்று கூப்பிட்டார்கள். இங்கே இந்தியாக்காரர், அங்கே கண்டிக்காரர்.

வடக்குக்குப் போனவர்களும் உண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு எங்கள் பக்கத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் மலையகத்தவர் குடியேறினார்கள். பிறகு அங்கே யுத்தம் வந்தது.

மலையாளபுரத்து அக்கா ஒருவரோடு கண்டியில் மூன்று நாள் இருந்தேன். அவருடைய தாத்தா எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். அக்காவுக்கு 2009 இல் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருக்கிறார். மகளுக்கு இருதய சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஒரு முச்சக்கரவண்டிக்காரத் தம்பி, "அம்மா, நல்ல இடம், வாவி தெரியும், விலையும் குறைவு" என்று சொல்லி வாவிக்கு மேலே ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். விடுதிக்காரருக்கு ஆள் கொண்டுவந்தால் அவருக்கு ஒரு தரகு. அது அவர் பிழைப்பு.

அடுத்த நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறை வரைக்கும் எழுபத்துநான்கு படி. கைபிடி பாதியோடு நின்றுவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. "ஏறிப்போடுவன் தங்கச்சி, இறங்கிறதுதான் ஏலாது" என்றார். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது நல்ல கால் தூக்கிவிடும். இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் குழிக்குள் இருக்கும் கட்டைக் காலில் இறங்குகிறது. இரண்டு நாள் அப்படி இறங்கினால் தோல் உரியும். உரிந்தால் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு நடக்க வேண்டும். அந்த நிலையில் வார்டுக்கு யார் போவது? மகளைப் பார்க்க நண்பகலில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், மருந்து வாங்கித் தரச் சொன்னால் இன்னொரு தரம். ஒரு நாளைக்கு மூன்று தரம் எழுபத்துநான்கு படி.

அன்று மாலையே சாமான்களைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் பின்புறம் ஒரு வீட்டு அறைக்கு மாறினோம். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வாவியும் இல்லை, மலையும் இல்லை. வாசலில் ஒரே ஒரு படி. வாடகை முந்திய இடத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் வண்டிக்காசைக் கூட்டிப் பார்த்தபோது மேலே இருந்த இடம்தான் விலை கூடியது. தரகர்மார் சொல்லும் விலையில் படிக்கணக்கு இருப்பதில்லை.

ஆகவே கண்டியில் அறை தேடும்போது எந்த வேலைக்கு வந்திருக்கிறோம், அந்த வேலை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். வேலை கீழே என்றால் கீழேதான் தங்க வேண்டும்.

வைத்தியசாலைக்கு வருபவர்களுக்கு: இப்போது கண்டி தேசிய வைத்தியசாலை என்று பெயர். ரயில் நிலையத்திலிருந்து கெட்டம்பை பக்கம் போகும் வில்லியம் கோபல்லாவ மாவத்தைக்கு அருகில் இருக்கிறது. தூர இடத்துப் பஸ்கள் பெரும்பாலும் வந்துகொண்டிருந்த குட்ஷெட் பஸ் நிலையமும் ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். ஆக, பஸ், ரயில், வைத்தியசாலை மூன்றும் ஒரே தாழ்வான பட்டியில் அமைந்திருக்கின்றன. இந்தப் பட்டியை விட்டு ஏறாதீர்கள். வைத்தியசாலையைச் சுற்றிய ஒழுங்கைகளில் நோயாளியின் உறவினருக்கென்றே அறை விடும் வீடுகள் உண்டு. பலகை போட்டிருக்க மாட்டார்கள். வாசலில் உள்ள மருந்துக்கடையிலும் தேத்தண்ணீர்க்கடையிலும் கேட்டால் சொல்வார்கள். வார்டில் உங்களுக்கு முன்னே வந்து கிடக்கும் நோயாளியின் ஆட்களிடம் கேட்பது இன்னும் நல்லது. நல்ல வீடு எது, தொல்லை பிடித்த வீடு எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கண்டியில் பஸ் நிறுத்தும் இடங்களை அடிக்கடி மாற்றுவார்கள், ஏறும்போதே நடத்துனரிடம் எங்கே இறக்குவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேராதனைப் போதனா வைத்தியசாலை, பல் வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, பல்கலைக்கழகம் இவற்றில் ஏதாவதற்கு வருகிறீர்கள் என்றால் நகருக்குள் தங்கவே வேண்டாம். இடையில் உள்ள நான்கைந்து மைல் தூரத்தைக் காலை நேரத்து வாகன நெரிசலில் கடப்பது பெரும்பாடு. கெட்டம்பை, பேராதனை ஆற்றோரப் பக்கம் சமதரை. பேராதனை வீதியில் கட்டுக்கலை பிள்ளையார் கோயிலுக்கு அண்டிய இடமும் வசதி. பேராதனைப் பக்கம் போகும் பஸ் எல்லாம் அந்த வழிதான். பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. அதன் வளவே ஒரு மலைச்சரிவு. பிள்ளையைச் சேர்க்கப் போகும் அம்மாமார் அங்குள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்குப் போக ஆசைப்படுவார்கள். அதுவும் மேட்டில்தான், கால் முடியாதவர்கள் முச்சக்கரவண்டியில் போகலாம். திகனையில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இதே பேச்சுத்தான். திகனை நகரிலிருந்து கிழக்கே, குண்டசாலையையும் தாண்டி இருக்கிறது. கண்டிக்குள் அறை எடுத்துவிட்டுத் தினமும் அங்கே போய் வருவது காசுக்கும் உடம்புக்கும் கேடு.

ஒரே ஒரு வேலைக்குத்தான் மேலே ஏற வேண்டியிருக்கும். இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் வாவிக்கு மேலே ராஜபிகில்ல மாவத்தையில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இன்றைக்கும் 'எம்பசி' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சரிவிலும் அதற்குக் கீழே சரணங்கர வீதியிலும் வெளிநாட்டுக்காரர் தங்கும் சின்ன விடுதிகள் நிறைய. அந்த வேலைக்கென்று அங்கே தங்கினாலும் பிழையில்லை. ஆனால் வேலை ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். கீழே தங்கி, போகும்போது வண்டி பிடித்து, திரும்பும்போது மெல்ல நடந்து இறங்குவதே என் யோசனை. காலில் குறை உள்ளவர்கள் இறங்குவதற்கும் வண்டி பிடியுங்கள்.

பைரவகந்தை, அஸ்கிரிய, அனிவத்தை என்று மேட்டுப் பகுதிகளில் விடுதிகள் இருக்கின்றன. காற்று நல்லது, இரவில் விளக்குகள் அழகு. பைரவகந்தையின் பெரிய வெள்ளைப் புத்தர் சிலை நகரில் எங்கே நின்றாலும் தெரியும். கலியாணம் முடித்த பிள்ளைகள் இரண்டு நாள் ஓய்வுக்குப் போகலாம். நோயாளியோடு வந்தவர்களுக்கு அந்தப் பக்கம் சரிவராது.

நகரின் நடுவே, தலதா வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி என்று பழைய இராசதானித் தெருக்களிலும் லொட்ஜுகள் உண்டு. தெரு சமம், சாப்பாட்டுக்கடை பக்கம், தமிழில் கதைக்கும் கடைக்காரரும் நிறைய. ஆனால் அறைகள் பெரும்பாலும் கடைக்கு மேலே இரண்டாம், மூன்றாம் மாடியில் இருக்கும், லிப்ட் இருக்காது. நகரின் மலைப்படியைத் தப்பி வந்து கட்டடத்தின் படியில் மாட்டிக்கொள்வீர்கள். வலது குறைந்தோரின் உரிமைக்கு 1996 இலேயே சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு அணுகும் வசதி வேண்டுமென்ற விதிகள் 2006 இல் வந்தன. சின்ன லொட்ஜில் அந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. "கீழ்மாடியில் அறை இருக்கிறதா, குளியலறைக்குப் படி இருக்கிறதா, கொமட் இருக்கிறதா" என்று போனிலேயே கேளுங்கள். குந்தும் மலசலகூடம் செயற்கைக் காலுக்கு ஆகாது.

பழைய மலைநகரங்கள் எல்லாவற்றிலும் இந்தத் தொல்லை இருக்கிறது. எங்கள் தீவுக்குக் கப்பலில் வந்த போர்த்துக்கேயரின் லிஸ்பன் நகரை ஏழு குன்றுகளின் நகரம் என்பார்கள். அங்கே 1880களிலேயே சரிவில் ஏற்றி இறக்கும் இழுவை வண்டிகள் போட்டார்கள். 1902 இல் கீழ்த் தெருவிலிருந்து மேல் தெருவுக்கு இரும்பில் ஒரு லிப்ட் கட்டினார்கள். சுவிஸில் நம்மவர் இருக்கும் லொசான் நகரமும் ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக ஏறுவது. அங்கே 2008 முதல் அந்த ஏற்றத்திலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. அங்கே போகிறவர்கள் அறை தேடும்போது எந்த நிலையத்துக்குப் பக்கம் என்று பார்ப்பார்கள். கண்டியில் எங்களுக்கு வாய்த்தது முச்சக்கரவண்டி. அதனால் ஏறுமுன் விலை பேசிக்கொள்ளுங்கள், அல்லது செல்போனில் பிக்மீயில் அழையுங்கள். மலைக்கென்று தனி விலை கேட்பவர்களும் உண்டு.

இனி, தனியாகப் போகும் பெண் என்ற விடயம். இதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்த பிறகு பல வருடங்களுக்குத் தமிழ்ப் பெயரோடு கண்டியில் அறை எடுப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. இரவில் கதவு தட்டுவார்கள், அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வந்த காரணத்துக்குக் கடிதம் கேட்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் இரவில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் பழக்கம் உங்களில் பலரிடம் இன்னும் இருக்கிறதல்லவா? அப்படியானவர்கள் பெரிய லொட்ஜைவிடக் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அறை எடுப்பது நல்லது. வீட்டுக்காரம்மாவிடம், "இரவில் ஏதாவதென்றால் தட்டாதீர்கள், போனில் கூப்பிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லலாம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. அடையாள அட்டை இலக்கத்தைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது எல்லாருக்கும் உள்ள வழக்கம். அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ளக் கேட்டால், பிரதியைக் கொடுத்துவிட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிப் பெண்ணென்றால் அறை இல்லை என்று சொல்லும் லொட்ஜும் இருக்கிறது. ஆண் துணையில்லாமல் வந்த பெண்ணைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்களோ அதை முகத்திலேயே காட்டுவார்கள். கணவனை இழந்த எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்திக்கு இது நடந்தது. "யார் கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்களாம். "என் கூடத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடம் போயிருக்கிறாள். பஸ் நிலையத்தை ஒட்டி மணித்தியாலக் கணக்கில் அறை விடும் இடங்களும் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது லேசு. பகலில் வாசலில் ஆண்கள் மட்டும் நிற்பார்கள், வரவேற்பில் ஒரு பெண்ணும் இருக்க மாட்டாள், எத்தனை நாள் என்று கேட்காமல் எத்தனை மணி என்று கேட்பார்கள். திரும்பி வந்துவிடுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். ஜன்னல் சாத்துகிறதா என்று பாருங்கள். இரவு எத்தனை மணிக்கு வாசல் கதவைப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். வார்டிலிருந்து நள்ளிரவில் அழைப்பு வந்தால் வெளியே போக வேண்டியிருக்கும்.

கண்டியில் சொந்தம் இருப்பவர்கள் லொட்ஜைப் பற்றி யோசிப்பதே இல்லை. மகியாவையில் நகரசபைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அங்கே தூரத்து உறவென்று போய் நின்றாலும் பாய் கிடைக்கும். ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டில் எட்டாவது ஆளாக நோயாளியைப் படுக்க வைக்கலாமா என்பதை மட்டும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை முடிந்து வருபவருக்குச் சுத்தமான தனி இடம் வேண்டும்.

மழைக்காலத்தில் வேறொரு கணக்கும் சேருகிறது. 2016 மே மாதம் எங்கள் கேகாலை மாவட்டத்திலேயே அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில்தான் பெருந்தொகையானோர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு கீழ்க் கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி வீதியோரத்திலேயே மண் சரிந்து ஆறு பேரைக் கொன்றது. ஆகவே மழை நாளில் மலையை வெட்டி முதுகில் சாய்த்துக் கட்டிய கட்டடத்தில் பின்பக்கத்து அறையை எடுக்காதீர்கள். சுவரில் புது வெடிப்பு, அணைச்சுவரிலிருந்து கலங்கல் தண்ணீர், சாய்ந்த மரம் என்று கண்டால் இடத்தை மாற்றுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் எச்சரிக்கை கொடுக்கும். சிவப்பு என்றால் எழும்பிப் போக வேண்டும், அறைக்குக் காசு கட்டியாயிற்றே என்று யோசிக்கக்கூடாது. லய அறையில் மழை இரவைக் கழித்த எங்களுக்கும், கூடாரத்தில் கழித்த உங்களுக்கும் கூரைச் சத்தத்தை வைத்தே மழையின் கனம் தெரியும். ரயிலில் வருபவர்கள் பொல்காவலையில் மாறித்தான் கண்டிக்கு வர வேண்டும். அந்தப் புயலில் மலைப்பாதைத் தண்டவாளங்களும் பழுதடைந்தன, ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாளும் பார்க்க வேண்டும். எசலப் பெரஹரா ஜூலை, ஆகஸ்டில் வரும். அந்தப் பத்து நாளும் அறை விலை பல மடங்கு, தெருவைப் பார்த்த ஜன்னலுக்குத் தனிக் காசு, பல வீதிகள் மாலையில் மூடல். 2025 ஏப்ரலில் தந்ததாதுவை நேரில் வழிபட விட்டபோது சனம் இரவு பகலாகத் தெருவிலேயே வரிசையில் கிடந்தது. இடையில், இனி யாரும் கண்டிக்கு வரவேண்டாம் என்று அறிவிக்கும் அளவுக்கு நகரம் நிரம்பிவிட்டது. கிளினிக் திகதி அந்த நாட்களில் விழுந்தால் டொக்டரிடம் கேட்டு ஒரு கிழமை தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் பேராதனைப் பக்கமோ கடுகண்ணாவைப் பக்கமோ தங்கிக்கொண்டு காலையில் வாருங்கள்.

கடுகண்ணாவை என்றதும் அங்குள்ள அம்பலம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேயர் காலத்துக் கண்டிப் பாதையில் ஏறி வந்த வழிப்போக்கர் இளைப்பாறித் தங்கிய மண்டபம். வீதியோரத்தில் இப்போதும் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது, கல்லைக் குடைந்து வழி விட்ட இடத்துக்கு அருகே பார்க்கலாம். சுவர் உயரமில்லாத, நாலு பக்கமும் திறந்த கட்டடம். வண்டிக்காரனும் மூட்டை சுமந்தவனும் அங்கே காசில்லாமல் படுத்தார்கள். ஒரு பெண் தனியாகப் படுத்திருப்பாளா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு யோசனை வரும்.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தால் எங்கே போகலாம் என்று பலர் கேட்பார்கள். வாவியைச் சுற்றி நடக்க மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். முழுக்கச் சமதரை, மர நிழல், இடையிடையே உட்கார இடம். செயற்கைக் காலோடு அக்கா கால்வாசி நடந்தார். தலதா மாளிகைக்குள் போவதென்றால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், வாசலில் பையைச் சோதிப்பார்கள். அதற்கு முன்னால் உள்ள வளவிலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி என்பது எங்கள் கண்ணகிதான். புருஷனுக்கு நீதி கேட்டு அரண்மனைக்குப் போனவளைச் சிங்களச் சனங்களும் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். நோய் தீரவும் பிள்ளை வரத்துக்கும் சிங்களப் பெண்கள் பூத்தட்டோடு வருவார்கள். யார் என்ன மொழி என்று யாரும் கேட்பதில்லை. அக்கா அங்கே ஒரு விளக்கு வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார்.

மகளுக்கு ஒன்பதாம் நாள் டிக்கெட் வெட்டினார்கள். சத்திரசிகிச்சை முடிந்த பிள்ளையை அன்றைக்கே எட்டு மணித்தியால பஸ்ஸில் ஏற்ற வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதால், அந்த ஒற்றை ஜன்னல் அறையிலேயே இன்னும் இரண்டு இரவு இருந்தார்கள். வீட்டுக்காரம்மா கடைசி இரவுக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த கிளினிக் திகதிக்கு அந்த அறையையே முன்கூட்டிச் சொல்லி வைத்துவிட்டு, விடியற்காலை யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறினார்கள்.